துவாஸில் வளரும் ஆன்டிபாடி, விமானத்தில் வரும் கதிர்: புதிய புற்றுநோய்ச் சிகிச்சைகள் எப்படி வேலை செய்கின்றன?

துவாஸ் என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வருகிறது? ஜொகூருக்குப் போகும் வாகன வரிசை, புதிய துறைமுகம், ஊழியர் தங்கும் விடுதிகள், கிழக்கு-மேற்கு எம்ஆர்டி தடத்தின் கடைசி நிலையம்.

அதே வட்டாரத்தில் துவாஸ் உயிர்மருத்துவப் பூங்கா இருக்கிறது. அங்குள்ள சில ஆலைகளில் பெரிய தொட்டிகளுக்குள் உயிரணுக்கள் வளர்கின்றன. அவை சுரக்கும் புரதத்தைப் பிரித்தெடுத்தால் கிடைப்பது, உலகின் பல நாடுகளில் நோயாளிகளுக்கு ஊசியாகவோ டிரிப்பாகவோ போகும் மருந்து. அதற்குப் பெயர் ஆன்டிபாடி.

சிங்கப்பூரில் 4 பேரில் ஒருவருக்கு, 75 வயதுக்குள் ஏதாவது ஒரு புற்றுநோய் வரும் வாய்ப்பு இருப்பதாகக் கூறப்படுகிறது. ஆக, தாத்தாவுடனோ பெரியம்மாவுடனோ நீங்கள் ஒருநாள் டாக்டர் அறையில் உட்கார வேண்டி வரலாம். டாக்டர் ஆங்கிலத்தில் சொல்வதைத் தமிழில் எடுத்துச் சொல்லும் வேலையும் உங்களுக்கே வரலாம்.

அங்கேதான் சிக்கல். நம் வீடுகளில் "ரேடியேஷன் கொடுக்கிறாங்க" என்ற ஒரே வாக்கியம் மூன்று நான்கு வெவ்வேறு சிகிச்சைகளைக் குறிக்கும். "ஊசி போடுறாங்க" என்பதும் அப்படித்தான். கீமோவும் ஊசி, ஆன்டிபாடியும் ஊசி. ஆனால் அவை வேலை செய்யும் விதம், பக்கவிளைவு, செலவு, வீட்டில் எடுக்க வேண்டிய கவனம் எல்லாம் வேறு வேறு.

ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஆன்டிபாடி என்றால் என்ன?

ஆன்டிபாடியைத் தமிழில் எதிர்ப்பொருள் என்பார்கள். நம் உடம்பே தயாரிக்கும் புரதம் அது. ஆங்கில எழுத்து 'ஒய்' போன்ற வடிவம். அதன் இரண்டு கை நுனிகளும் குறிப்பிட்ட ஒரு பொருளை மட்டும் அடையாளம் கண்டு பிடித்துக்கொள்ளும். கிருமி ஒன்று உள்ளே வந்தால், அதற்குப் பொருந்தும் ஆன்டிபாடியை உடம்பு உருவாக்கும்.

புற்றுநோய் உயிரணுக்களின் மேற்பரப்பிலும் சில புரதங்கள் இருக்கின்றன. சாதாரண உயிரணுக்களைவிட அங்கே அவை அதிகம் காணப்படலாம். அந்தப் புரதத்தை மட்டும் பிடிக்கும் ஆன்டிபாடியை வெளியே தயாரித்து உடம்புக்குள் அனுப்பினால் என்ன?

அதற்கு ஒரே மாதிரியான ஆன்டிபாடி ஏராளமாக வேண்டும். 1975ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஜார்ஜ் கோலர், சீசர் மில்ஸ்டைன் என்ற இருவர் அதற்கு வழி கண்டுபிடித்தனர். ஆன்டிபாடி சுரக்கும் உயிரணு ஒன்றை, சாகாமல் பெருகிக்கொண்டே இருக்கும் புற்றுநோய் உயிரணு ஒன்றுடன் இணைத்தார்கள். கிடைத்த கலப்பு உயிரணு ஓயாமல் பெருகியது. ஒரே வகை ஆன்டிபாடியைச் சுரந்துகொண்டே இருந்தது. 1984இல் அவர்களுக்கு மருத்துவத்துக்கான நோபெல் பரிசு கிடைத்தது.

இன்று புழங்கும் இத்தகைய மருந்துகள் பலவற்றின் பெயர் 'மாப்' என்று முடியும். ரிட்டுக்ஸிமாப், டிராஸ்டுசுமாப், பெவசிசுமாப், பெம்புரோலிசுமாப் என்று பட்டியல் நீளும். மருந்துச் சீட்டில் 'மாப்' பார்த்தால் அது ஆன்டிபாடி என்று பெரும்பாலும் முடிவுசெய்துகொள்ளலாம். உலகச் சுகாதார நிறுவனம் பெயரிடும் முறையை 2021இல் மாற்றியதால் புதிதாக வரும் மருந்துகளின் பெயர் வேறு மாதிரியும் முடியலாம்.

எல்லா ஆன்டிபாடியும் ஒரே வேலையா செய்கிறது?

இல்லை. முக்கியமாக நான்கு விதம்.

- அடையாளம் காட்டுவது: ரிட்டுக்ஸிமாப், சில வகை ரத்தப் புற்றுநோய் உயிரணுக்களின் மேலுள்ள சிடி20 என்ற புரதத்தில் ஒட்டிக்கொள்ளும். உடம்பின் எதிர்ப்புச் சக்தி அதைப் பார்த்துத் தாக்கும். 1997இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

- வளரச் சொல்லும் சமிக்ஞையைத் தடுப்பது: டிராஸ்டுசுமாப், மார்பகப் புற்றுநோயில் ஹெர்2 என்ற புரதத்தைப் பிடிக்கும். 1998இல் அனுமதி கிடைத்தது. மார்பகப் புற்றுநோய்களில் ஏறக்குறைய 15 முதல் 20 விழுக்காட்டில்தான் ஹெர்2 அதிகம் இருக்கும். மற்றவர்களுக்கு இந்த மருந்தால் அதே பலன் இருக்காது.

- ரத்தக்குழாய் வளர்வதைத் தடுப்பது: பெவசிசுமாப் இந்த வகை. கட்டி தனக்கென்று புதிய ரத்தக்குழாய்களை இழுத்துக்கொள்வதை அது தடுக்கும்.

- 'பிரேக்'கை விடுவிப்பது: புற்றுநோய் சில நேரம் நம் எதிர்ப்புச் சக்திக்கு பிரேக் போட்டுவிடும். பெம்புரோலிசுமாப் போன்ற மருந்துகள் அந்த பிரேக்கை எடுத்துவிடும். இதற்கு அடிப்படையான கண்டுபிடிப்புகளுக்காக ஜேம்ஸ் அலிசன், தசுக்கு ஹோன்ஜோ இருவருக்கும் 2018இல் நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஆன்டிபாடிக்கு வேண்டிய 'முகவரி' கட்டியில் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அதற்குத்தான் கட்டியிலிருந்து சிறிது திசுவை எடுத்துப் பரிசோதிக்கிறார்கள். "பக்கத்து வீட்டு ஆன்ட்டிக்கு அந்த ஊசி நல்லா வேலை செஞ்சுதாம், நமக்கு ஏன் தரல?" என்று வீட்டில் கேட்டால், பதில் அநேகமாக இந்தப் பரிசோதனை முடிவில் இருக்கும்.

துவாஸில் என்னதான் நடக்கிறது?

மாத்திரைகளைப் போல ஆன்டிபாடியை ரசாயனங்களைக் கலந்து செய்ய முடியாது. அவ்வளவு பெரிய, சிக்கலான புரதத்தை உயிரணுவால்தான் செய்ய முடியும். பெரும்பாலும் பயன்படுவது சீன ஹாம்ஸ்டர் எலியின் சூலகத்திலிருந்து பல ஆண்டுகளுக்கு முன் எடுக்கப்பட்ட உயிரணு வகை. அதில் ஆன்டிபாடிக்கான மரபணுவைச் சேர்த்து, உறைநிலையில் சிறு குப்பிகளில் பாதுகாத்து வைப்பார்கள்.

உற்பத்தி தொடங்கும்போது ஒரு குப்பியை எடுத்து உருகவிடுவார்கள். உயிரணுக்கள் பெருகப் பெருக, சின்னக் குடுவையிலிருந்து பெரிய குடுவைக்கு, அதிலிருந்து தொட்டிக்கு மாற்றுவார்கள். வெப்பநிலை, உயிர்வாயு, உணவு எல்லாம் அளவு பிசகாமல் இருக்க வேண்டும். பிறகு உயிரணுக்களை வடிகட்டி நீக்கிவிட்டு, திரவத்தில் இருக்கும் ஆன்டிபாடியைப் பல கட்டங்களாகச் சுத்தம் செய்வார்கள். நடுவில் ஒரு கிருமி புகுந்தால் அந்தத் தொட்டி முழுவதும் வீண்.

துவாஸில் இந்த வேலை செய்யும் ஆலைகள் ஒன்றிரண்டு அல்ல.

லோன்சா நிறுவனம் அங்கே கட்டிய ஆலை ஒன்றை, அவாஸ்டின் என்ற பெயரில் பெவசிசுமாப்பை விற்கும் ஜெனன்டெக் 2009இல் வாங்கியது. ஜெனன்டெக் இன்று ரோஷ் குழுமத்தைச் சேர்ந்தது. நொவார்ட்டிஸ் நிறுவனமும் துவாஸில் உயிரியல் மருந்து ஆலை நடத்துகிறது.

அம்ஜென் நிறுவனத்தின் துவாஸ் ஆலை 2014இல் திறக்கப்பட்டது. அங்கே எஃகுத் தொட்டிகளுக்குப் பதிலாக, ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்குள் உயிரணுக்களை வளர்க்கிறார்கள். ஒரு தொகுதி முடிந்ததும் பையை அகற்றிவிடலாம். தொட்டியைக் கழுவி, ஆவியால் சுத்தம் செய்யும் வேலை மிச்சம். அந்த ஆலை தயாரிக்கும் டெனோசுமாப் என்ற ஆன்டிபாடி, எலும்புக்குப் பரவிய புற்றுநோயால் எலும்பு முறிவதைக் குறைக்கக் கொடுக்கப்படுகிறது. எலும்புத் தேய்மானத்துக்கும் அதே மருந்து வேறு அளவில் பயன்படுகிறது.

ஆன்டிபாடியின் முதுகில் ஒரு சரக்கு

ஆன்டிபாடி முகவரியைச் சரியாகக் கண்டுபிடிக்கும். ஆனால் அதற்குத் தனியாகக் கட்டியைக் கொல்லும் பலம் பல நேரம் போதாது. கீமோ மருந்துக்குப் பலம் உண்டு. ஆனால் முகவரி தெரியாது. முடி கொட்டுவதும் வாய்ப்புண்ணும் வாந்தியும் வருவது அதனால்தான்.

இரண்டையும் சேர்த்துக் கட்டினால்? அதற்குப் பெயர் ஏடிசி, அதாவது மருந்து இணைத்த ஆன்டிபாடி. ஆன்டிபாடி, கடுமையான நச்சு மருந்து, இரண்டையும் பிணைக்கும் ஒரு சிறு 'கயிறு' என்று மூன்று பாகம். ரத்தத்தில் பயணம் செய்யும்போது கயிறு அவிழக்கூடாது. புற்றுநோய் உயிரணு ஆன்டிபாடியை உள்ளே இழுத்துக்கொண்ட பிறகுதான் அவிழ வேண்டும்.

சொல்வது எளிது, செய்வது கடினம். முதல் ஏடிசி 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ரத்தப் புற்றுநோய்க்கான மைலோடார்க் என்ற அந்த மருந்து, பாதுகாப்பு, பலன் இரண்டிலும் கேள்வி எழுந்ததால் 2010இல் மீட்டுக்கொள்ளப்பட்டது. அளவும் கொடுக்கும் முறையும் மாற்றப்பட்டு 2017இல்தான் திரும்ப வந்தது.

இப்போது அதிகம் பேசப்படுவது டிராஸ்டுசுமாப் டெருக்ஸ்டெகான். என்ஹெர்ட்டு என்ற பெயரில் விற்கப்படுகிறது. ஓர் ஆன்டிபாடியில் ஏறக்குறைய 8 மருந்து மூலக்கூறுகள் ஏற்றப்பட்டிருக்கும். 2019இல் அமெரிக்காவில் முதல் அனுமதி கிடைத்தது. அதற்கும் பக்கவிளைவுகள் உண்டு. சிலருக்கு நுரையீரலில் அழற்சி வரலாம். அது உயிருக்கே ஆபத்தாகலாம். இந்த மருந்து எடுப்பவருக்குப் புதிதாக இருமலோ மூச்சுத்திணறலோ வந்தால் "சளிதான், சரியாகிடும்" என்று விட்டுவிடாமல் உடனே மருத்துவமனைக்குச் சொல்ல வேண்டும்.

இந்த மருந்தை டாய்ச்சி சாங்க்யோ நிறுவனத்துடன் சேர்ந்து சந்தைக்குக் கொண்டுவந்த அஸ்ட்ராஸெனக்கா, சிங்கப்பூரில் 1.5 பில்லியன் அமெரிக்க டாலர் செலவில் ஏடிசி ஆலை கட்டப்போவதாக 2024ஆம் ஆண்டு மே மாதம் அறிவித்தது. 2029இல் அதைத் தொடங்குவது இலக்கு. ஆன்டிபாடி தயாரிப்பிலிருந்து மருந்தைப் பிணைத்துக் குப்பியில் அடைப்பது வரை எல்லா வேலையும் ஒரே இடத்தில் நடக்கும் என்கிறது நிறுவனம். மற்ற நிறுவனங்களுக்காக ஏடிசி தயாரித்துக் கொடுக்கும் வூஷி எக்ஸ்டிசி நிறுவனமும் 2024இல் துவாஸ் உயிர்மருத்துவப் பூங்காவில் ஆலை கட்டத் தொடங்கியது.

ஒரே இடத்தில் எல்லாம் நடப்பது ஏன் பெரிய விஷயம்? ஆன்டிபாடி உயிரணுக்களிலிருந்து வருவது. கிருமி படாமல் காக்க வேண்டும். நச்சு மருந்தோ சிறிதளவு பட்டாலே ஊழியர்களுக்கு ஆபத்து. அது வெளியே கசியாமல் காக்க வேண்டும். ஒன்றில் வெளியிலிருந்து எதுவும் உள்ளே வரக்கூடாது, மற்றதில் உள்ளிருந்து எதுவும் வெளியே போகக்கூடாது. இரண்டு விதிகளையும் ஒரே கட்டடத்தில் கடைப்பிடிக்கத் தெரிந்த ஊழியர்கள் வேண்டும். பலதுறைத் தொழிற்கல்லூரியிலோ பல்கலைக்கழகத்திலோ உயிரியலும் வேதியியலும் படிக்கும் உங்களில் சிலர் அங்கே வேலைக்குப் போகலாம்.

சிங்கப்பூரிலேயே உருவான மருந்து உண்டா?

உண்டு, ஆனால் இன்னும் சோதனையில்தான் இருக்கிறது. ஏ-ஸ்டார் அமைப்பின் ஆதரவில் இயங்கும் சோதனை மருந்து மேம்பாட்டு நிலையம், இபிசி-129 என்ற ஏடிசியை உருவாக்கியிருக்கிறது. சிங்கப்பூரில் உருவாகி, மனிதர்களிடம் சோதிக்கும் கட்டத்துக்குப் போன முதல் ஏடிசி அதுதான். 2023இல் சோதனை தொடங்கியது. கணையப் புற்றுநோய் உட்பட சில திடக்கட்டிகளின் மேல் காணப்படும் ஒரு புரதத்தை அது குறிவைக்கிறது. கணையப் புற்றுநோய்க்கு அதைச் சோதிக்கும் பணியை விரைவுபடுத்தும் தகுதியை அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2025இல் அளித்தது.

இங்கே ஒரு சொல்லைக் கவனமாக மொழிபெயர்க்க வேண்டும். விரைவுபடுத்தும் தகுதி என்பது அனுமதி அல்ல. மருந்து வேலை செய்கிறது என்ற சான்றிதழும் அல்ல. சிகிச்சை வழிகள் குறைவாக உள்ள கடும் நோய் என்பதால் நிர்வாகம் அடிக்கடி கலந்துபேசும், பரிசீலனை வேகமாக நடக்கும் என்றுதான் அர்த்தம். முதல் கட்டச் சோதனையின் முக்கிய நோக்கம், எவ்வளவு கொடுத்தால் உடம்பு தாங்கும் என்று கண்டுபிடிப்பது. குணமாகுமா என்ற கேள்விக்கு அடுத்தடுத்த கட்டங்களில்தான் பதில் கிடைக்கும்.

சரி, கதிர்வீச்சு எங்கே வருகிறது?

கதிர்வீச்சு, உயிரணுவின் மரபணுச் சரத்தை உடைக்கும். உடைந்ததைச் சரிசெய்ய முடியாவிட்டால் உயிரணு பெருக முடியாமல் சாகும். நல்ல உயிரணுக்கள் அந்தப் பழுதை ஓரளவு நன்றாகச் சரிசெய்துகொள்ளும். புற்றுநோய் உயிரணுக்களால் அவ்வளவு முடியாது. மொத்த அளவையும் ஒரே நாளில் கொடுக்காமல், பல நாள்களுக்குப் பிரித்துக் கொடுப்பது அதனால்தான்.

பெரும்பாலானோர் பெறுவது வெளியிலிருந்து வரும் கதிர்வீச்சு. நோயாளி மேசையில் படுத்திருப்பார். இயந்திரம் சுற்றிவந்து எக்ஸ்ரே கதிர்களைக் கட்டியை நோக்கிப் பாய்ச்சும். சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

புரோட்டான் சிகிச்சையும் வெளியிலிருந்து வருவதுதான். எக்ஸ்ரே கட்டியைத் தாண்டி மறுபக்கமும் போகும். புரோட்டான் துகளோ குறிப்பிட்ட ஆழத்தில் தன் சக்தியின் பெரும்பகுதியைக் கொட்டிவிட்டு நின்றுவிடும். கட்டிக்குப் பின்னால் மூளை, முதுகுத்தண்டு போன்ற முக்கிய உறுப்பு இருந்தால் அது உதவும். வளரும் பிள்ளைகளுக்கும் உதவும். தேசியப் புற்றுநோய் நிலையத்தின் கோ செங் லியாங் புரோட்டான் சிகிச்சை நிலையம் 2023இல் நோயாளிகளை ஏற்கத் தொடங்கியது. சென்னையில் அப்போலோ 2019இலேயே புரோட்டான் நிலையத்தைத் திறந்தது. எல்லாப் புற்றுநோய்க்கும் புரோட்டான் தேவையில்லை. பலருக்கு வழக்கமான எக்ஸ்ரே சிகிச்சையே போதும்.

ஆன்டிபாடியில் கதிரையே கட்டி அனுப்பினால்?

நச்சு மருந்துக்குப் பதில் கதிரியக்க அணுவை ஆன்டிபாடியில் கட்டுவது நல்ல யோசனையாகத் தெரிகிறது அல்லவா? அதைச் செய்தும் பார்த்தார்கள்.

2002இல் ஸெவலின் என்ற மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. சிடி20 புரதத்தைத் தேடிப்போகும் ஆன்டிபாடியில் யிட்ரியம்-90 என்ற கதிரியக்கத் தனிமத்தைக் கட்டியிருந்தார்கள். 2003இல் அயோடின்-131 கட்டிய பெக்ஸர் வந்தது. இரண்டும் லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோய்க்கு. நல்ல பலன் பெற்ற நோயாளிகளும் இருந்தனர்.

ஆனால் 2014இல் பெக்ஸர் நிறுத்தப்பட்டது. வாங்க ஆளில்லாததே காரணம். ஸெவலினும் பரவலாகப் பயன்படவில்லை. புற்றுநோய் டாக்டரே தன் மருந்தகத்தில் சாதாரண ரிட்டுக்ஸிமாப்பைப் போட்டுவிடலாம். கதிரியக்க மருந்து என்றால் நோயாளியை அணு மருத்துவப் பிரிவு உள்ள மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். சிறப்பு உரிமம் வேண்டும். மருந்து வரும் நாளும் நோயாளி வரும் நாளும் பொருந்த வேண்டும்.

அறிவியல் காரணமும் ஒன்று உண்டு. ஆன்டிபாடி பெரிய மூலக்கூறு. ரத்தத்தில் பல நாள், சில நேரம் வாரக்கணக்கில் சுற்றிக்கொண்டே இருக்கும். வெறும் ஆன்டிபாடிக்கு அது நல்லது. முதுகில் கதிரியக்கப் பொருளைச் சுமந்துகொண்டு சுற்றினால், வழியெல்லாம் கதிர் படும். எலும்பு மஜ்ஜை முதலில் பாதிக்கப்படும்.

அதனால் ஆய்வாளர்கள் முகவரி தேடும் வேலையைச் சின்ன மூலக்கூறுகளுக்குக் கொடுத்தார்கள். அவை கட்டியில் வேகமாக ஒட்டும். ஒட்டாதது சீக்கிரமே சிறுநீரில் வெளியேறிவிடும். லுட்டீஷியம்-177 கட்டிய புளுவிக்டோ அப்படிப்பட்டது. புராஸ்டேட் புற்றுநோய் உயிரணுக்களில் இருக்கும் பிஎஸ்எம்ஏ என்ற புரதத்தைத் தேடிப் போகும். முதலில் ஸ்கேன் எடுத்து, கட்டியில் பிஎஸ்எம்ஏ இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இருந்தால்தான் மருந்து.

831 நோயாளிகள் பங்கேற்ற அனைத்துலக ஆய்வில், வழக்கமான பராமரிப்போடு இந்த மருந்தும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 15.3 மாதம். பெறாதவர்களுக்கு 11.3 மாதம். 2022இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஆய்வில் இருந்தவர்கள் மற்றச் சிகிச்சைகளை ஏற்கெனவே பெற்றும் நோய் முற்றியவர்கள். அவர்களுக்கு 4 மாதம் பெரிது. ஆனால் "கேன்சர் முழுசா குணமாகிடும்" என்று வாட்ஸ்அப்பில் வரும் செய்திக்கும் இந்த எண்ணுக்கும் உள்ள தூரத்தையும் கவனியுங்கள்.

பெரிய ஆன்டிபாடிகளை ஆய்வாளர்கள் கைவிட்டுவிடவில்லை. ஆக்டினியம்-225 போன்ற தனிமங்கள் வெளியிடும் ஆல்ஃபா துகள் சில உயிரணுக்களின் தூரம்தான் போகும். ஆனால் போகும் வழியில் கடும் சேதம் செய்யும். அதை ஆன்டிபாடியில் கட்டும் ஆய்வுகள் நடக்கின்றன. ஆன்டிபாடியை வெட்டிச் சிறிதாக்கும் முயற்சிகளும் உண்டு.

கடிகாரத்துடன் ஓடும் மருந்து

துவாஸில் தயாராகும் ஆன்டிபாடியை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் மாதக்கணக்கில் வைத்திருக்கலாம். கதிரியக்க மருந்தை அப்படி வைக்க முடியாது. அது தானாகவே குறைந்துகொண்டே போகும்.

யிட்ரியம்-90 ஏறக்குறைய 64 மணி நேரத்தில் பாதியாகும். லுட்டீஷியம்-177க்கு ஏறக்குறைய 6.6 நாள். 3 நாள் தாமதமானால் யிட்ரியத்தில் பாதிக்கும் மேல் போய்விடும். லுட்டீஷியத்தில் கால் பங்குக்கும் மேல் போய்விடும்.

லுட்டீஷியம்-177 அணு உலைகளில் தயாராகிறது. சிங்கப்பூரில் அணு உலை கிடையாது. எனவே அது விமானத்தில்தான் வர வேண்டும். வெளிநாட்டில் உலை பராமரிப்புக்காக நின்றாலோ விமானம் ரத்தானாலோ, இங்கே நோயாளியின் தேதி தள்ளிப்போகலாம். ஆன்டிபாடியை உலகுக்கு அனுப்பும் சிங்கப்பூர், கதிருக்கு உலகை எதிர்பார்த்திருக்கிறது. சிகிச்சைத் தேதி மாறினால் வீட்டில் பதற்றம் வருவது இயல்பு. காரணம் பல நேரம் இதுதான் என்று எடுத்துச் சொன்னால் பதற்றம் கொஞ்சம் குறையும்.

புதியது என்றால் நல்லது என்று அர்த்தமா?

சிங்கப்பூர் ஆய்வாளர்கள் தலைமை தாங்கிய ஓர் ஆய்வு இதற்கு நல்ல உதாரணம். கல்லீரல் புற்றுநோய் ஆசியாவில் அதிகம். யிட்ரியம்-90 அடங்கிய மிகச் சிறு மணிகளை, கல்லீரலுக்குப் போகும் ரத்தக்குழாய் வழியாகக் கட்டிக்கே அனுப்பும் சிகிச்சை உண்டு. அந்த முறையையும் சொராஃபெனிப் என்ற மாத்திரையையும் ஒப்பிடும் ஆய்வைப் பேராசிரியர் பியர்ஸ் சாவ் வழிநடத்தினார். ஆசிய-பசிபிக் வட்டாரத்தின் 360 நோயாளிகள் அதில் பங்கேற்றார்கள். முடிவு 2018இல் வெளியானது.

கதிர் மணிகள் ஆயுளைக் கூட்டவில்லை. இடைநிலை ஆயுள் மணிகள் பெற்றவர்களுக்கு 8.8 மாதம், மாத்திரை பெற்றவர்களுக்கு 10 மாதம். இந்த வித்தியாசத்தைப் புள்ளிவிவர அடிப்படையில் உறுதியானதாகக் கொள்ள முடியாது. ஆனால் மணிகள் பெற்றவர்களுக்குக் கடும் பக்கவிளைவுகள் குறைவாக இருந்தன.

தோல்வி என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாமா? முடியாது. இருக்கும் மாதங்களைக் குறைந்த தொல்லையோடு கழிப்பதும் நோயாளிக்கு ஒரு பலன்தான். எதைத் தேர்ந்தெடுப்பது என்று டாக்டருடன் பேச இப்படிப்பட்ட எண்கள்தான் கை கொடுக்கும்.

"ரேடியேஷன் எடுத்தவங்க பக்கத்துல போகலாமா?"

வீட்டில் கட்டாயம் வரும் கேள்வி இது. பதில் எந்த வகை என்பதைப் பொறுத்தது.

- வெளியிலிருந்து கொடுக்கும் எக்ஸ்ரே, புரோட்டான்: இயந்திரம் நின்றதும் நோயாளியின் உடம்பிலிருந்து ஆபத்தான கதிர் எதுவும் வராது. பேரப்பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சலாம், சேர்ந்து சாப்பிடலாம். பயந்து ஒதுக்கி வைப்பது நோயாளிக்கு வேதனை மட்டுமே தரும்.

- உடம்புக்குள் செலுத்தும் கதிரியக்க மருந்து: சில நாள்களுக்கு உடம்பிலிருந்தும் சிறுநீரிலிருந்தும் கதிர் வரும். குழந்தைகள், கர்ப்பிணிகளிடம் நெருங்காமல் இருப்பது, தனியாகப் படுப்பது, நிறையத் தண்ணீர் குடிப்பது, கழிப்பறையை இரண்டு முறை ஃப்ளஷ் செய்வது போன்ற அறிவுரைகள் வழங்கப்படும். எத்தனை நாள் என்பதை மருத்துவமனை சொல்லும். பயணம் போனால் சோதனைச்சாவடியில் உள்ள கதிர் உணர்கருவி ஒலிக்கலாம். மருத்துவமனைக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

- வெறும் ஆன்டிபாடி, ஏடிசி: கதிரே கிடையாது.

செலவு?

2022ஆம் ஆண்டு செப்டம்பர் முதல், புற்றுநோய் மருந்துப் பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கு மட்டுமே மெடிஷீல்டு லைஃப் காப்புறுதி கிடைக்கிறது. 2023ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் ஒருங்கிணைந்த ஷீல்டு திட்டங்களும் அதே பட்டியலைப் பின்பற்றத் தொடங்கின. திட்டம் அறிவிக்கப்பட்டபோது, மருந்தைப் பொறுத்து மாதம் 200 வெள்ளியிலிருந்து 9,600 வெள்ளி வரை வரம்பு வகுக்கப்பட்டது.

ஒரே மருந்து ஒரு புற்றுநோய்க்குப் பட்டியலில் இருக்கலாம், வேறொன்றுக்கு இல்லாமலும் இருக்கலாம். எனவே "இந்த மருந்து பட்டியலில் இருக்கா?" என்று மட்டும் கேட்காதீர்கள். "எங்க தாத்தாவுக்கு உள்ள இந்த நோய்க்கு, இந்த மருந்து பட்டியலில் இருக்கா?" என்று கேளுங்கள். பட்டியல் அவ்வப்போது புதுப்பிக்கப்படுகிறது. சுகாதார அமைச்சின் இணையத்தளத்தில் பார்க்கலாம். செலவு கைமீறினால் மருத்துவமனையின் மருத்துவச் சமூக ஊழியரிடம் பேசக் கூச்சப்பட வேண்டாம். சிகிச்சை தொடங்கும் முன்பே பேசுவது நல்லது.

டாக்டர் அறையில் என்ன கேட்கலாம்?

மொழிபெயர்க்கும் வேலை உங்களுடையது என்றால் இந்தக் கேள்விகளைக் கைத்தொலைபேசியில் சேமித்து வையுங்கள்:

- இது கீமோவா, ஆன்டிபாடியா, ஏடிசியா, கதிரியக்க மருந்தா?
- எந்த முகவரியைத் தேடிப் போகிறது? அது இவருடைய கட்டியில் இருக்கிறதா, பரிசோதித்தாகிவிட்டதா?
- நோக்கம் குணப்படுத்துவதா, நோயைக் கட்டுப்படுத்துவதா, வலியைக் குறைப்பதா?
- எந்தப் பக்கவிளைவு வந்தால் நாங்கள் அன்றே அழைக்க வேண்டும்? எந்த எண்ணுக்கு?
- வீட்டில் குழந்தை அல்லது கர்ப்பிணி இருந்தால் என்ன செய்ய வேண்டும்?
- இவர் நாட்டு மருந்து, மூலிகை எடுக்கிறார், நிறுத்த வேண்டுமா?
- இது ஆய்வுச் சோதனை என்றால் எந்தக் கட்டம்? வேண்டாம் என்றால் வேறு வழி என்ன?

மூன்றாவது கேள்வியை மொழிபெயர்ப்பதுதான் கடினம். "குணமாகாது, கட்டுப்படுத்தத்தான் முடியும்" என்று டாக்டர் சொன்னால், அதை மென்மையாக்குவதற்காக "எல்லாம் சரியாகிடும் தாத்தா" என்று மாற்றிச் சொல்லத் தோன்றும். அப்படி மாற்றிவிட்டால் தாத்தா தனக்கு வேண்டியதைத் தானே முடிவுசெய்யும் வாய்ப்பை இழக்கிறார். உங்களுக்கு அது பாரமாக இருந்தால், மொழிபெயர்ப்பு உதவி கிடைக்குமா என்று மருத்துவமனை ஊழியர்களிடம் கேளுங்கள். நீங்கள் பேரப்பிள்ளையாக மட்டும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம்.